சின்னக்காவின் எடைக்கு ஒரு திருத்தம்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். போன மாதம் தீர்த்தன் பொம்மிடியில் என் வீட்டு வாசலில் வந்து நின்றான். மூட்டை தூக்குகிறவன். முகம் நிறையச் சிரிப்பு.

"அய்யா, ஆலையில மறுபடியும் கூப்புட்டுட்டாங்க. காவேரியை மலையில இருந்து கீழ கூட்டியாந்துடலாம்னு இருக்கறேனுங்க. இனிமே அவளுக்கும் மூணு வேளையும் நெல்லுச்சோறுதான். அவங்கம்மாளுக்குப் போட்ட மாதிரியே."

காவேரி அவனுடைய மகள். பத்து வயது. அவளுடைய அம்மா சின்னக்கா மூன்று வேளையும் நெல்லுச்சோறு தின்றுதான் செத்தாள். இது தீர்த்தனுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். அந்தச் சோற்றைத் தின்னச் சொல்லி அச்சில் எழுதியவன் நான்.

ஆவணியில் மகளைக் கூட்டி வரப்போகிறான். இப்போது 1948 வைகாசி. அதற்குள் இதை எழுதி, ஏதாவது ஒரு பத்திரிகையின் காலில் விழுந்து அச்சேற்றி, அவனுக்குப் படித்துக் காட்ட வேண்டும். அவனுக்குப் படிக்கத் தெரியாது.

வாயால் சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. சொன்னேன் ஐயா, சொன்னேன். அதை எட்டாம் பகுதியில் எழுதுகிறேன். அதுவரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

2

தொடக்கம் நான்கு எழுதினேன். கிழித்துப் போடாமல் இங்கேயே வைக்கிறேன். நான் எப்படியெல்லாம் நழுவப் பார்த்தேன் என்பது உங்களுக்குத் தெரிய வேண்டும்.

முதல் தொடக்கம்: "வத்தல்மலைச் சரிவிலே சாமைக் கதிர்கள் காற்றில் தலையசைக்க, இளங்கதிரவன் —"

போதும். இப்படித் தொடங்கினால் பத்திரிகைக்காரர்கள் உடனே போட்டுக்கொள்வார்கள். ஆனால் சாமைக் கதிர் இந்த விஷயத்தில் ஒரு குற்றமும் செய்யவில்லை, அதை ஏன் கூட்டிக்கொண்டு வர வேண்டும்?

இரண்டாம் தொடக்கம்: "பொம்மிடிக்குப் பக்கத்தில் ஓர் அரிசி ஆலை. அதன் முதலாளி ஈவிரக்கமற்ற —"

பொய். முதலாளிக்கு இளைப்பு நோய். உரத்துப் பேசினால்கூட இருமல் வந்துவிடும். கூலியில் ஒரு பங்கை அரிசியாகக் கொடுத்தார். அரிசி நல்ல அரிசி, அளவும் குறைந்ததில்லை. ஒரு கெட்டவன் இருந்தால் கதை எழுதுகிறவனுக்குப் பாதி வேலை குறைந்துவிடும். அதற்காகத்தான் அந்தப் பாவப்பட்ட மனிதரைக் கெட்டவனாக்கப் பார்த்தேன்.

மூன்றாம் தொடக்கம் ஒரே ஒரு சொல்: "விதி". எழுதிவிட்டு எனக்கே வெட்கமாகப் போய்விட்டது.

நான்காவதுதான் சரியான தொடக்கம். அது புதிதாக எழுதியதல்ல. 1939இல் சேலத்திலிருந்து வந்துகொண்டிருந்த ஒரு வாரப் பத்திரிகையில் நான் எழுதிய 'மெலிந்தவர்க்கு ஒரு வழி' என்னும் கட்டுரையின் தொடக்கம். பத்திரிகை நின்றுபோய்விட்டது. கட்டுரை எனக்கு மனப்பாடம்.

"நம் ஜில்லாவின் வடபகுதியில் கேழ்வரகும் சாமையும் உண்போர் மெலிந்தும் கறுத்தும் காணப்படுகின்றனர். ஆலையில் நன்கு தீட்டிய வெள்ளரிசி உண்போரோ சில மாதங்களிலேயே சதைப்பிடிப்பும் முகப்பொலிவும் அடைகின்றனர். கறுத்த தீனி உழைக்கும் மாட்டுக்குரியது. வெள்ளைச் சோறே மனிதனுக்குரியது."

[கடைசி வாக்கியத்தை எழுதிய அன்று ஒரு மணி நேரம் அதையே திரும்பத் திரும்பப் படித்து ரசித்தேன். இதையும் தெரிந்துகொள்ளுங்கள்.]

3

நான் யார் என்று கேட்பீர்கள். அந்த ஆலையில் எடை குமாஸ்தா. வருகிற நெல்லையும், போகிற அரிசியையும், மாட்டுக்குப் போகிற தவிட்டையும் இரும்புத் தராசுப் பலகையில் ஏற்றி நிறுத்துச் சீட்டு எழுதுகிறவன். ஓய்ந்த நேரத்தில் எழுத்தாளன். பெயர் பச்சியப்பன். கட்டுரையில் வேறு பெயர் போட்டுக்கொண்டேன், அது எதற்கு இப்போது.

சொந்த ஊர் கடத்தூர்ப் பக்கம். எங்கள் வீட்டில் காலையில் ராகிக் களி, மத்தியானம் சாமைச் சோறு, இராத்திரி மீந்த களி. நெல்லுச்சோறு பண்டிகைக்கும் விருந்தாளிக்கும். சேலத்து ஆஸ்டலில் ஒரு வருஷம் அரிசிச் சோறு தின்றுவிட்டு ஊர் திரும்பினேன். கன்னம் உப்பியிருந்தது. பார்த்தவர்கள் எல்லோரும் "தம்பி கலர் வந்துட்டாப்ல" என்றார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்த ஒரு வருஷத்துக் கன்னம்தான் என் ஆராய்ச்சி. வேறு எந்த ஆதாரமும் என்னிடம் இருந்ததில்லை. (ஆஸ்டலில் பருப்பும் முட்டையும் மோரும் வஞ்சனையில்லாமல் போட்டார்கள் என்பதைக் கட்டுரையில் எழுதவில்லை. ஞாபகம் வரவில்லை என்று சொன்னால் நம்புவீர்களா?)

இன்னொரு கேவலம். அந்தக் கட்டுரையை எழுதிய அன்று காலையில் நான் தின்றது களி. என் மனைவி கண்ணம்மாள் கிண்டிய களி, அவரைக்கொட்டைக் குழம்பு. கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்து, கறுத்த தீனி மாட்டுக்குரியது என்று எழுதினேன்.

4

இனி ஆட்கள். மூன்றே பேர்தான், குழப்பம் வராது.

தீர்த்தனும் அவன் மனைவி சின்னக்காவும் வத்தல்மலைக்காரர்கள். 1939 தை மாதம் கைக்குழந்தை காவேரியோடு மலை இறங்கி வந்து ஆலைக்குப் பின்னால் ஒரு குடிசை போட்டுக்கொண்டார்கள். மூன்றாவது ஆள் கரியன். சின்னக்காவின் அண்ணன். மலையிலேயே இருந்துவிட்டவன். சாமை மூட்டையைத் தலையில் வைத்து மலைப்பாதையில் கடத்தூர்ச் சந்தைக்கு இறங்குகிறவன். ஆள் நெட்டை, பேச்சு குட்டை.

கரியனுக்கு ஒரு பழக்கம். தங்கை பங்குனிப் பண்டிகைக்குப் பிறந்த வீட்டுக்கு வந்தால், வாசலிலேயே அவளை இடுப்போடு சேர்த்து ஒரே தூக்காகத் தூக்கிப் பார்ப்பான். போன வருஷத்துக்கு இந்த வருஷம் கனம் கூடியிருக்கிறாளா குறைந்திருக்கிறாளா என்று அவன் கைக்குத் தெரியும். கூடியிருந்தால் மாப்பிள்ளைக்கு மரியாதை. குறைந்திருந்தால் ஊரே கேட்கும்படி ஒரு வார்த்தை. (இதை மலைச்சனத்தின் வழக்கம் என்று யாரும் குறித்துக்கொள்ள வேண்டாம். இது கரியன் ஒருவனுடைய குறும்பு. சின்னக்கா சின்னப் பிள்ளையாக இருந்த காலத்திலிருந்து வந்தது.)

1940 பங்குனியில் தூக்கினான். இறக்கி வைத்தான்.

"என்ன மாப்ள, எந்தங்கச்சி பாதியை அங்கயே வுட்டுட்டு வந்துட்டாளா? ரெண்டு வள்ளம் சாமைக் கனம் கொறையுது."

கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். சின்னக்காவும் சிரித்தாள். கைக்குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டு, கல்லும் மண்ணும் சுமந்துகொண்டிருந்தவள் இளைக்காமல் என்ன செய்வாள்? ஆனால் தீர்த்தனுக்கு அது சுருக்கென்று தைத்துவிட்டது. மலை இறங்கி வந்ததும் நேரே என்னிடம் வந்தான்.

"அய்யா, பொம்பளை ஒடம்பு தேற என்ன பண்றதுங்க?"

என்னைப் பார்த்து ஒருவன் இப்படிக் கேட்டுவிட்டானே! பெட்டியைத் திறந்து கட்டுரையை எடுத்தேன். நிறுத்தி நிறுத்திப் படித்துக் காட்டினேன். அவன் வாயைத் திறந்தபடி கேட்டான். முடிந்ததும் ஒன்றே ஒன்று கேட்டான்.

"இது அச்சுல போட்டிருக்குதுங்களா?"

"பார், இதோ" என்று காகிதத்தை அவன் கையில் கொடுத்தேன். அதை அவன் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு வெகு நேரம் பார்த்தான்.

எழுதினது நான்தான் என்றும் சொன்னேன். சொல்லாமல் இருப்பேனா?

5

அன்றோடு அந்தக் குடிசைக்குள் ராகி நுழையவில்லை. சாமை நுழையவில்லை. ஆலையில் கூலியாகக் கிடைத்த வெள்ளை அரிசியைச் சின்னக்கா மூன்று தண்ணீரில் கழுவி, வடித்து, கஞ்சியைக் கொட்டிவிட்டு, பூப்போலச் சோறு ஆக்கினாள். கொஞ்சம்கூடக் கறுப்புத் தட்டக்கூடாது என்று தீர்த்தன் பக்கத்திலேயே நிற்பான். தொட்டுக்கொள்ளப் புளித்தண்ணீரும் மிளகாயும். கீரை, அவரை எல்லாம் மலையோடு நின்றுவிட்டன. இங்கே அவளுக்குக் கீரை பறிக்க ஒரு கொல்லையும் இல்லை.

அந்தச் சோற்றை அவன் தின்னவில்லை. இதை அழுத்தி எழுத வேண்டும். அவளுக்குக் குறைந்துவிடக்கூடாது என்று அவன் மற்றக் கூலிகளோடு உட்கார்ந்து கம்பங்கூழ் குடித்தான். காவேரிக்கும் அந்தக் கூழில்தான் பங்கு. அதனால்தான் அவர்கள் இரண்டு பேரும் இன்றைக்கு உயிரோடு இருக்கிறார்கள். அவன் ஆசையாசையாக ஊட்டியது ஒருத்திக்குத்தான்.

மாதம் ஒருமுறை அவளைக் கூட்டி வந்து ஆலைத் தராசில் ஏற்றுவான். நான் நிறுப்பேன். முதல் தடவை எண்பத்து நான்கு ராத்தல். ஆடியில் எண்பத்தைந்து. ஐப்பசியில் எண்பத்தேழு.

"மூட்டை எறக்கியாச்சுங்களா?" என்று கேட்டுவிட்டுப் பலகையிலிருந்து குதித்து இறங்குவாள் சின்னக்கா. வாய்த்துடுக்கு உண்டு. ஒருநாள் சொன்னாள்: "அய்யா, இந்த நெல்லுச்சோத்துல நாக்குக்கு வேலையே இல்லீங்க. முழுங்குனதே தெரியல. ஒரு உருண்டை களி தின்னாத்தான் ஏதோ தின்னாப்பல இருக்கும்."

"பழகிவிடும்" என்றேன்.

அவள் பழகிக்கொள்ளவில்லை. என் வீட்டுப் பின்வாசலுக்கு வந்தாள். கண்ணம்மாள் ஒரு உருண்டை களியும் குழம்பும் கொடுத்திருக்கிறாள். அடுத்த நாளும் கொடுத்திருக்கிறாள். பதினைந்து நாள் போல இது நடந்திருக்கிறது. ஒருநாள் நான் பார்த்துவிட்டேன்.

"அவ புருஷன் என்ன பாடு பட்டுச் சோறு போடுறான், நீ களியைக் குடுத்துக் கெடுக்கறயே. இனிமே குடுக்காத."

"ஆசைப்பட்டுக் கேக்கறாளுங்க. புள்ளை பெத்தவ."

"குடுக்காதேன்னா குடுக்காத."

கண்ணம்மாள் நிறுத்திவிட்டாள். என் பேச்சுக்கு மறுபேச்சு பேசாதவள். அந்தக் குணத்துக்காக அவளை எத்தனையோ பேரிடம் மெச்சியிருக்கிறேன்.

இதற்கப்புறம் எடை ஏறியது. தையில் தொண்ணூற்றாறு. மாசியில் நூற்று மூன்று.

ஒரே மாதத்தில் ஏழு ராத்தல். தீர்த்தன் பலகையைச் சுற்றிச் சுற்றி வந்தான். சின்னக்காவின் முகம் மினுமினுவென்று இருந்தது. கன்னக்குழி தூர்ந்துவிட்டது. ஆலைப் பெண்கள் வந்து அவள் கையைக் கிள்ளிப் பார்த்தார்கள். நான் உள்ளே போய் இரண்டாவது கட்டுரைக்குக் குறிப்பு எழுதினேன்.

[நெல் வியாபாரி ஒருவன் கொண்டுவரும் மூட்டை ஒரு மாதத்தில் இப்படிக் கனம் கூடியிருந்தால், கையைவிட்டுப் பார்க்காமலே "ஈரம்" என்று திருப்பி அனுப்பியிருப்பேன். எனக்குத் தெரிந்த ஒரே தொழில் அதுதான்.]

6

கரியன் என்னும் பாத்திரத்தின்மேல் எனக்கு முதலிலிருந்தே சந்தேகம்.

முதல் பிரதியில் அவனைக் குடிகாரன் ஆக்கியிருந்தேன். இரண்டாம் பிரதியில் மாப்பிள்ளையின் நல்ல வாழ்வைக் கண்டு பொருமுகிறவன். மூன்றாம் பிரதியில் அவனைக் கதையிலிருந்தே எடுத்துவிட்டேன். அவன் இல்லாமல் கதை நன்றாகவே ஓடியது. யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை, பாவம், அந்தக் காலம் அப்படி, என்று முடித்திருந்தேன். படித்துப் பார்த்தேன். எழுதியதில் ஆகப்பெரிய பொய் அதுதான் என்று பட்டது. ஒருவனுக்குத் தெரிந்திருந்தது. ஆகவே அவனைத் திரும்பக் கூப்பிடுகிறேன்.

1941 பங்குனி. பண்டிகைக்கு என்னையும் மலைக்கு வரச் சொன்னான் தீர்த்தன். "நீங்க வந்து பாக்கணுமுங்க. உங்க வாக்குதானே இது." ஏறினோம். சின்னக்கா ஏழெட்டு இடத்தில் உட்கார்ந்தாள். மூச்சு வாங்கியது. "ஒடம்பு போட்டா மூச்சு வாங்கத்தானே செய்யும்" என்று சொன்னேன்.

வாசலில் கரியன் காத்திருந்தான். ஊர் சுற்றி நின்றது. தங்கையைப் பார்த்ததும் பல்லெல்லாம் தெரியச் சிரித்தான். குனிந்து தூக்கினான். தூக்கியவன் இறக்கவில்லை. அப்படியே கொஞ்ச நேரம் வைத்திருந்தான். சிரிப்பு போய்விட்டது. மெதுவாக இறக்கி வைத்தான்.

"என்ன மச்சான், கனம் போதுமா?" என்றான் தீர்த்தன்.

"கனமாத்தான் இருக்கறா" என்றான் கரியன். "ஆனா இது சாமை மூட்டைக் கனம் இல்ல. தண்ணிக் கொடத்துக் கனம். தூக்குனா உள்ள அலையுது."

ஒருவன் சிரித்தான். அதைப் பார்த்து எல்லோரும் சிரித்தார்கள். கரியன் சிரிக்கவில்லை.

"மாப்ள, இவ பத்து நாளு இங்க இருக்கட்டும். களியும் கீரையும் தின்னுட்டு வரட்டும்."

தீர்த்தன் என்னைப் பார்த்தான். அவனுக்கு யோசனை வந்துவிட்டது. அது அவன் முகத்தில் நன்றாகவே தெரிந்தது. நான் ஒரு வார்த்தை பேசாமல் இருந்திருந்தாலும் போதும், விட்டுவிட்டு வந்திருப்பான். நான் பேசினேன்.

"கரியா, கை தப்புப் பண்ணும். தராசு பொய் சொல்லாது. நூற்று மூணு ராத்தல். நானே நிறுத்தேன்."

கரியன் என்னை ஏற இறங்கப் பார்த்தான். படித்தவனோடு சபையில் வாதாட அவனுக்குக் கூச்சம். "நீங்க சொன்னாச் சரிங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டான்.

7

இந்தப் பகுதியை எழுத எட்டு நாள் ஆனது. சிறியதுதான்.

மலை இறங்கும்போது தீர்த்தன் குழந்தையைத் தோளில் வைத்துக்கொண்டு முன்னால் போய்விட்டான். சின்னக்கா பின்தங்கினாள். நான் அவளுக்குத் துணையாக மெதுவாக நடந்தேன். ஒரு பாறையில் உட்கார்ந்தாள். காலை நீட்டி, சேலையைக் கொஞ்சம் மேலே இழுத்து, தண்டை பதிந்திருந்த இடத்தைக் காட்டினாள். தண்டை சதைக்குள் அமுங்கியிருந்தது. சுற்றிலும் சிவந்திருந்தது.

"அய்யா, ஒண்ணு கேக்கட்டுங்களா? அவருகிட்டக் கேட்டா மனசு ஒடைஞ்சுருவாரு. கால் மதமதன்னே இருக்குதுங்க, முள்ளு குத்துனாக்கூடத் தெரியல. நெஞ்சு படபடன்னு அடிச்சுக்குது. இங்க விரலால அமுக்குனாக் குழி விழுவுது, பாருங்க, எந்திரிக்கவே மாட்டேங்குது. இது சதைங்களா, வீக்கமுங்களா?"

பார்த்தேன். குழி விழுந்திருந்தது. ஒரு கொட்டைப்பாக்கு வைக்கிற ஆழம். அது மேலெழவில்லை.

எனக்குத் தெரிந்துவிட்டது. நோயின் பெயர் தெரியாது, மருந்து தெரியாது, ஆனால் அது சதையல்ல என்று தெரிந்துவிட்டது. இத்தனை வருஷமாக இதைத் தெரியாது என்றே மனதுக்குள் எழுதிவந்தேன். அன்று காலையில்தான் ஊர் முன்னால் தராசு பொய் சொல்லாது என்று சொல்லியிருக்கிறேன். திரும்பி மலை ஏறி, கரியா நீ சொன்னதுதான் சரி என்று சொல்ல —

சொல்ல முடியவில்லை. அவ்வளவுதான் காரணம். இதைவிடப் பெரிய காரணம் ஏதாவது கிடைக்குமா என்று எட்டு நாள் தேடினேன், கிடைக்கவில்லை.

"சதைதான் தாயி" என்றேன். "நெல்லுச்சோத்துச் சதை. புதுச் சதை கொஞ்சம் மெதுவாத்தான் இருக்கும்."

"அப்பச் சரிங்க" என்று சிரித்தாள். சேலையை இறக்கிவிட்டு எழுந்தாள்.

பதினோராம் நாள் காலையில் கிணற்றடியில் குடத்தை இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. ஆள் கூடுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. வயது இருபத்திரண்டோ இருபத்து மூன்றோ.

கரியன் வந்தான். காவேரியைத் தூக்கிக்கொண்டு மலைக்குப் போய்விட்டான். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஏதாவது கேட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

8

மறு வருஷம் மாதப்பன் என்று ஒரு கம்பவுண்டர் இந்தப் பக்கம் வந்தார். ரங்கூனில் இருந்துவிட்டு யுத்தத்துக்குப் பயந்து நடந்தே திரும்பியவர். ஆலைக் கூலி ஒருவனின் முழங்காலுக்குக் கீழே கட்டை விரலால் அமுக்கிப் பார்த்துவிட்டு, "பெரிபெரி" என்றார். வெள்ளையாகத் தீட்டின அரிசியை மட்டுமே தின்றால் வரும். காலில் நீர் கோக்கும், எடை ஏறும், அப்புறம் இருதயம் நின்றுவிடும். அரிசியின் மேல்தோலில்தான் உயிர்ச்சத்து. "அந்தத் தோலை என்ன பண்றீங்க?" என்று கேட்டார்.

தவிடு. மாட்டுக்கு அனுப்புகிறோம். நான்தான் நிறுத்து அனுப்புகிறேன்.

"பதினைஞ்சு நாள் களியும் அவரையும் தின்னாலே வத்திப்போகுமே" என்றும் சொன்னார். கரியன் கேட்டது பத்து நாள். போன சனிக்கிழமைகூட அந்தக் கணக்கை நினைத்துக்கொண்டு வெகு நேரம் உட்கார்ந்திருந்தேன்.

யுத்தத்தில் நெல் இல்லை. ஆலை பாதி நாள் ஓடவில்லை. எல்லோரும் ராகிக்கும் சாமைக்கும் திரும்பினோம். தீர்த்தன் என்னைப் பார்க்கும்போதெல்லாம் குறைப்பட்டுக்கொள்வான்: "ஒட்டிப் போயிட்டமுங்க. அவ இருந்தப்ப எப்படி இருந்தோம்." இப்போது ரேஷன் தளர்ந்து ஆலை மறுபடி ஓடுகிறது. அதனால்தான் வாசலில் வந்து நின்றான்.

சொன்னேன் என்றேனே. இவ்வளவுதான் சொன்னேன்.

"தீர்த்தா, புள்ளைக்கு வெறும் நெல்லுச்சோறு வேண்டாம். காலையில களி போடு."

சிரித்தான். "என்னங்க இது, கறுத்த தீனி மாட்டுக்குன்னு நீங்கதானே எழுதுனீங்க."

"அது தப்பு."

"அச்சுல இருக்கறது எப்படிங்க தப்பாவும்?"

"நான் தப்பா எழுதிட்டேன்."

அவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். வயதாகிவிட்டது, தடுமாறுகிறார் என்று நினைத்திருப்பான். பிறகு சமாதானமாகச் சொன்னான்: "அப்ப அதையும் எழுதி அச்சுல போட்டுப் படிச்சுக் காட்டுங்க. கேட்டுக்கறேனுங்க."

எழுந்து போகும்போது திரும்பி நின்றான்.

"ஒண்ணு மட்டும் மனசுக்கு ஆறுதலுங்க. எம்பொண்டாட்டி எலும்பும் தோலுமாச் சாவல. நெறைஞ்ச ஒடம்போட போனா. பாடை தூக்குனவங்க அத்தனை பேரும் கனம்னு சொன்னாங்க. அது உங்க புண்ணியம்."

இப்போது புரிகிறதா, ஏன் எட்டாம் பகுதி வரை இழுத்தேன் என்று? மகள் பிழைக்க வேண்டுமானால் அவனிடம் மிஞ்சியிருக்கிற அந்த ஒரே ஆறுதலை நான் பிடுங்க வேண்டும். அவன் ஊட்டிய ஒவ்வொரு பிடிச் சோறும் என்ன செய்தது என்று சொல்ல வேண்டும். வேறு வழியாகச் சுற்றிப் போய்ச் சொல்ல முடியுமா என்று பார்த்தேன். பார்த்ததுதான் இந்தக் கதை.

9

வழக்கமாக இந்த இடத்தில் முடிவு வரும். என்னிடம் சில இருக்கின்றன.

(அ) கண்ணம்மாள் என் பேச்சைக் கேட்கவில்லை. பின்வாசலில் களி கொடுத்துக்கொண்டே இருக்கிறாள். சின்னக்காவுக்கு இப்போது முப்பது வயது. காவேரிக்குத் தலை வாரிவிடுகிறாள். [இதை எழுதிவிட்டுக் கண்ணம்மாளிடம் படித்துக் காட்டினேன். அவள் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள்.]

(ஆ) மலையில் தீர்த்தன் என்னைப் பார்க்கிறான். நான் இருமுகிறேன், அல்லது வேறு பக்கம் பார்க்கிறேன். பத்து நாள் கழித்து —

(இ) கம்பவுண்டர் ஒரு வருஷம் முன்னாலேயே வந்துவிடுகிறார். இதில் நான் ஒரு குற்றமும் செய்யாமல் தப்பித்துவிடுகிறேன். அதனாலேயே இது ஆகாது.

இதில் எதையும் நான் எடுத்துக்கொள்ளப் போவதில்லை.

வாசகர்களுக்கு ஒரு வேலை தருகிறேன். தீர்த்தனுக்கு நான்தான் படித்துக் காட்டப்போகிறேன். ஏழாம் பகுதி வந்ததும் இரண்டு பக்கத்தைச் சேர்த்துத் திருப்பிவிட்டால் அவனுக்குத் தெரியாது. என்னை எனக்குத் தெரியும்; திருப்பினாலும் திருப்பிவிடுவேன். ஆகவே நீங்கள் யாராவது பொம்மிடிப் பக்கம் வர நேர்ந்தால், ஆலையில் தீர்த்தன் என்று கேளுங்கள். பாறையில் உட்கார்ந்து சின்னக்கா என்ன கேட்டாள் என்று அவனிடம் கேளுங்கள். அவன் விழித்தால், தயவுசெய்து நீங்களே அவனுக்குப் படித்துக் காட்டுங்கள்.

இனி வருவது உங்களுக்கல்ல. நீங்கள் எழுந்து போகலாம்.

தீர்த்தா, உன் பொண்டாட்டி உன்னால் சாகவில்லை. நீ வாய் நிறையச் சோறு போட்டாய். அது சோறுதான் என்று நம்பும்படி சொன்னவன் நான். அவள் பயந்துபோய் என்னிடம் கேட்டாள். உன் மனசு உடையக்கூடாது என்றுதான் உன்னிடம் கேட்கவில்லை. எனக்கு விடை தெரிந்திருந்தது. நான் பொய் சொன்னேன். இது அச்சில் இருக்கிறது, பார், இதோ, இந்த இடம். விரலை வைத்துக்கொள்.

இதற்குமேல் நான் எழுதவில்லை. நீ அழுதாலும் சரி, என்னை அடித்தாலும் சரி, கரியனைக் கூப்பிட்டு வந்தாலும் சரி, அது நீ பார்த்துச் செய்வது. நான் உட்கார்ந்த இடத்தைவிட்டு எழுந்திருக்க மாட்டேன்.

காவேரிக்குக் களி போடு.